எப்போது திறப்பது?

குடி குடியைக் கெடுக்கும். இந்த வாரம் நான் யாரையும் குடிக்கச் சொல்லவில்லை. காத்திருப்பதைப் பற்றிப் பேசுவோம்.

ஸ்பெயினின் வடக்கே, எப்ரோ நதிக்கரையில் ரியோஹா என்று ஒரு வட்டாரம். சிவப்பு ஒயினுக்குப் பேர்போன இடம். அங்கே முக்கியமான திராட்சைக்கு டெம்ப்ரனியோ என்று பெயர். 'சீக்கிரம்' என்ற ஸ்பானிஷ் சொல்லிலிருந்து வந்தது. பல ரகங்களுக்கு முன்பே பழுத்துவிடும் அவசரக்குடுக்கை! அந்த அவசரக்குடுக்கையின் ஒயினைத்தான் வருஷக்கணக்கில் பூட்டி வைக்கிறார்கள்.

அதற்கு விதியே உண்டு. சிவப்பு ஒயின் மொத்தம் 2 வருடம், அதில் குறைந்தது 1 வருடம் ஓக் மரப் பீப்பாயில் இருந்தால்தான் 'கிரியான்சா' என்று லேபிள் ஒட்டலாம். 'ரெசெர்வா'வுக்கு 3 வருடம். 'கிரான் ரெசெர்வா'வுக்கு 5 வருடம். அதில் 2 வருடம் பீப்பாயில்.

கிரியான்சா என்றால் என்ன தெரியுமா? வளர்ப்பு. பிள்ளை வளர்ப்புக்கும் அங்கே அதே வார்த்தைதான்.

ஒயினை எதற்கு வளர்க்கணும்? இளம் ஒயினில் ஒரு வாய் குடித்தால் நாக்கு இழுத்துக்கொள்ளும். வாழைப்பூவைப் பச்சையாகக் கடித்த மாதிரி. டானின் செய்யும் வேலை. பீப்பாயின் மரத்தின் வழியே துளித்துளியாகக் காற்று புகப் புக, துவர்ப்பு மெல்ல அடங்கும். பழ வாசனை பின்னால் போய், தோல், புகையிலை, வெனிலா என்று வேறு வாசனைகள் வரும். விளிம்பில் ஊதா மறைந்து செங்கல் நிறம் தட்டும்.

காமர்ஸ் படித்தவனுக்கு இது வயிற்றைக் கலக்கும். விற்காத சரக்கு என்றால் முடங்கிய பணம். பிரான்ஸின் போர்தோவில் உயர்ரக ஒயினைப் பீப்பாயில் இருக்கும்போதே விற்றுவிடும் வழக்கம் உண்டு. அதற்கப்புறம் காத்திருப்பது வாங்கியவன் பாடு. ரியோஹாவின் பழைய வழக்கம் வேறு. தயாரித்தவனே காத்திருந்து, பக்குவம் வந்த பிறகுதான் விற்பான். ஆரோ நகரில் 1877-ல் தொடங்கிய லோபெஸ் டி எரெடியா நிறுவனம், சில கிரான் ரெசெர்வாக்களைச் சுமார் 20 வருடம் வைத்திருந்து வெளியே அனுப்புகிறது. இன்று பீப்பாய் நிரப்புகிற தொழிலாளி, அந்த பாட்டில் கடைக்கு வருவதற்குள் ரிட்டையர் ஆகியிருக்கலாம். முகம் தெரியாத ஒருவருக்காக அவர் வேலை செய்கிறார்.

இது ஒரு வகைக் காத்திருப்பு. இன்னொன்றும் இருக்கிறது.

வாங்கியவர் வீட்டு நிலவறை. கார்க் காயாமலிருக்க பாட்டிலைப் படுக்கவைத்து, சூடு ஏறாமல் இருட்டில் காக்கிறார். இந்தப் பிறந்தநாள் வேண்டாம், இன்னும் பெரிய விசேஷம் வரட்டும். வரும்போது அவர் இருப்பதில்லை. பிள்ளைகள் திறந்தால் உப்புச்சப்பில்லாத பழுப்புத் தண்ணீர். எல்லா ஒயினும் வயதானால் உயராது. பெரும்பாலானவை ஓரிரு வருடத்தில் குடித்துவிட வேண்டியவை. உயர்வதற்கும் ஓர் உச்சம் உண்டு. அது எந்த நாள் என்று லேபிளில் இருக்காது. திறந்தால்தான் தெரியும். திறந்தால் முடிஞ்சுபோச்சு!

சேமிப்பு நல்ல குணம்தான். எந்த இடத்தில் அது கஞ்சத்தனமாகிறது? யாருக்காகக் காத்திருக்கிறோம் என்பதில் இருக்கிறது பதில். பீப்பாய்க்காரர் கொடுப்பதற்காகக் காத்திருக்கிறார். நிலவறைக்காரர் இழக்க பயந்து காத்திருக்கிறார். பார்வைக்கு இரண்டும் பொறுமை.

'அவசரப்பட்டுத் திறந்து வீணாகிவிட்டால்?' என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். முன்கூட்டியே திறந்தால் கொஞ்சம் துவர்க்கும். பக்கத்தில் இருப்பவரோடு சிரித்துக்கொண்டே குடித்துவிடலாம். காலம் கடந்து திறந்தால் ஒயினும் இருக்காது, சமயத்தில் பக்கத்தில் அந்த ஆளும் இருக்கமாட்டார்.

உங்கள் வீட்டில் ஒயின் இல்லாமலிருக்கலாம். நல்ல நாளுக்கென்று பீரோவில் ஒரு பட்டுப்புடவை இருக்குமே? மடிப்பிலேயே இற்றுப்போவதற்குள், இந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவை எடுத்துக் கட்டிக்கச் சொல்லுங்க.