வேலி தாண்டிய கோழி

“நன்னா! பக்கத்து வீட்டுக் கீரையைத் தின்ற கோழி இடுகிற முட்டை யாருக்குச் சொந்தம்?”

கேட்டவன் என் மகள் வயிற்றுப் பேரன். ஒன்பது வயது. பகலுணவுக்கு அமர்ந்திருந்த நேரம். முப்பதாண்டுகளாக மத்ரஸாவில் பிக்ஹுப் பாடம் நடத்தி வருகிறவன் நான். அக்கேள்விக்குரிய சட்டம் என் நாவின் நுனியிலேயே இருந்தது. முட்டை கோழிக்குரியவருக்கே சொந்தம், ஆகுமானது, அதில் ஐயத்திற்கு இடமில்லை. இவ்வளவையும் ஒரு கவளத்திற்கும் மறு கவளத்திற்கும் இடையே சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் வாய் எழவில்லை. பிள்ளை சட்டம் கேட்கவில்லை என்பதும், எதைக் கேட்கிறான் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தன.

2023ஆம் ஆண்டு தை மாதத்தில் நடந்தது இது. எங்கள் ஊர் காவிரியின் கடைமடையில் உள்ளது. வீட்டுக்குப் பின்னே பத்துக் குழிக் கொல்லை. ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, ஓர் அவரைப் பந்தல், நான்கு பெட்டைகள், ஒரு சேவல். யாவும் சிறுவிடைக் கோழிகள். அவற்றுள் ஒன்று பதினொரு குஞ்சுகளோடு திரிந்து கொண்டிருந்தது. கிளுவை வேலிக்கு அப்பால் உள்ள கொல்லை, கணவரை இழந்து தனித்து வாழும் ஓர் அம்மையாருடையது. நம் மார்க்கத்தவர் அல்லர். எனக்கு மூத்தவராகையால் நான் அவரைப் பெரியம்மா என்றே அழைப்பேன். அவர் என்னைத் தம்பி என்பார். ஏழு பாத்திகளில் சிறுகீரையும் அரைக்கீரையும் விதைத்து, விடியலில் அறுத்துக் கட்டி, கூடையில் சுமந்து தெருத் தெருவாக விற்று வருவதே அவருடைய பிழைப்பு. அவர் வீடு திரும்ப முற்பகல் பதினொரு மணியாகிவிடும்.

அன்று மக்தப் பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் கொல்லைப் பக்கம் போனேன். குஞ்சுத்தாய் வேலியின் சந்து வழியே அப்பால் நுழைந்து, விதைத்து ஆறேழு நாள் ஆகியிருந்த இரண்டு பாத்திகளைக் கிளறித் தள்ளியிருந்தது. கோழி தின்பதால் வரும் சேதம் அற்பம். கிளறுவதால் வருவதே சேதம். அதிலும் குஞ்சு கூட்டிய தாய்க்கோழி தனக்காகவா கிளறுகிறது? மண்ணைச் சீய்த்து, புழுவைக் கண்டதும் குரல் கொடுத்துக் குஞ்சுகளை அழைத்து, தான் உண்ணாமல் அவற்றுக்கு விட்டுக் கொடுக்கும். தாய்மையின் அந்த அழகிய காட்சிதான் பெரியம்மாவின் முளைகளை வேரோடு புரட்டிப் போட்டிருந்தது. “பா, பா” என்று நொய்யைக் காட்டிக் கோழியை இப்பால் அழைத்தேன். சந்தில் ஒரு பனைமட்டையைச் செருகினேன். பேரன் என் அருகில்தான் நின்றான்.

பதினொரு மணிக்குப் பெரியம்மா வந்தார். பாத்திகளைக் கண்டு கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சற்று நேரம் நின்றார். பிறகு வேலிப் பக்கம் நின்ற என்னைப் பார்த்து, “மயிலு வந்து கிளறிருச்சு போல தம்பி! இந்த வருஷம் மயிலுத் தொல்லை தாங்கலே” என்றார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.

பொய்யுரைக்கவில்லை என்பது உண்மையே. ஆமென்றும் சொல்லவில்லை, அல்லவென்றும் சொல்லவில்லை. கற்றவனுக்கு வாய்க்கும் தந்திரங்களுள் இது ஒன்று. தொல்காப்பியத்து மரபியலில் அளகு என்னும் பெண்பாற் பெயரைக் கோழிக்கும் கூகைக்கும் உரியதாக்கிய ஆசிரியர், மயிலுக்கும் அவ்வுரிமை உண்டென்கிறார். பெயரில் பங்குதாரர்களாகிய அவ்விரண்டனுள் ஒன்றின் குற்றத்தை அன்று நான் மற்றொன்றின் தலையில் ஏற்றிவிட்டு உள்ளே வந்தேன்.

உள்ளே வந்தவுடன் மனம் கிதாபுகளைப் புரட்டலாயிற்று. தனக்குச் சாதகமான மஸ்அலாவைத் தேடுகிற மனத்தைப் போல் விரைவாகப் பக்கம் புரட்டுவது வேறில்லை. பராஉ இப்னு ஆஸிப் (ரலி) அவர்களின் ஒட்டகம் ஒருவருடைய தோட்டத்தில் புகுந்து அழிவு செய்த வழக்கில், பகலில் தோட்டத்தைக் காப்பது தோட்டக்காரரின் பொறுப்பு, இரவில் கால்நடையைக் காப்பது அதற்குரியவரின் பொறுப்பு, இரவில் நேர்ந்த சேதத்திற்கு அவரே ஈடு தர வேண்டும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்ததாக வரலாறு உண்டு. எங்கள் கோழி பகலில் போயிற்று. அன்றியும், புறாவையும் பிற பறவைகளையும் அவிழ்த்து விடுவதே வழக்கமாதலின் அவை தானியத்தைப் பொறுக்கினால் ஈடில்லை என்று ஷாபிஈ மத்ஹபின் நூல்களில் காண்கிறோம். பூனைக்குக்கூட அந்தச் சலுகை இல்லை; கோழிக்குஞ்சைப் பிடித்துப் பழகிய பூனையானால் இரவென்றும் பகலென்றும் பாராமல் அதற்குரியவர் ஈடு தரவேண்டும் என்று இமாம் நவவி (ரஹ்) அவர்கள் மின்ஹாஜில் எழுதுகிறார்கள். நாட்டுச் சட்டமும் எனக்கு அனுகூலமே. 1871ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டம் யானையிலிருந்து ஆட்டுக்குட்டி வரை பெயர் சொல்லி எண்ணுகிறது. கோழி அதில் இல்லை. பயிரை மேய்ந்த மாட்டைப் பவுண்டில் அடைத்தவர்கள் உண்டு. கோழியை அடைத்ததாக நான் கேட்டதில்லை.

ஆக, எந்த வாசலில் போய் நின்றாலும் எனக்கு விடுதலை. எனினும் உணவு இறங்கவில்லை. இதுதான் நான் ஆராய விரும்பும் கேள்வி. சட்டம் ஒருவனிடம் ஈடு கேட்கவில்லையெனில், அவன்மீது கடன் ஏதும் இல்லையென்று பொருளாகுமா?

முதலில், பகலென்றும் இரவென்றும் பிரித்த அத்தீர்ப்பு எதன்மீது நிற்கிறது என்பதைக் காணவேண்டும். பகலிலே தோட்டக்காரர் தோட்டத்தில் இருப்பார். இரவிலே ஆடுமாடு தொழுவத்தில் இருக்கும். யாரால் எப்பொழுது காக்க இயலுமோ அவர்மீது அப்பொழுது காவலைச் சுமத்துவதே அதன் நீதி. ஓர் ஊரில் வழக்கம் தலைகீழானால் சட்டமும் தலைகீழாகும் என்று நம் இமாம்கள் எழுதி வைத்ததும் இதனாலேதான். அப்படியானால், பகற்பொழுதில் கீரைக்கூடையைத் தலையில் சுமந்து தெருவில் நிற்கும் ஒரு முதியவள் தன் பாத்தியைக் காப்பது எங்ஙனம்? அவர் பகலில் வீட்டில் இல்லை என்பது எனக்குத் தெரியும். வேலியில் சந்து இருப்பதும் தெரியும். அவரது காவலை நம்பியன்று, அவரது இல்லாமையை நம்பியே என் கோழி திரிந்தது. தீர்ப்பின் சொல் என் பக்கம் இருந்தது. அதன் காரணமோ வேலிக்கு அப்பால், அவர் பக்கம் இருந்தது.

கோழி வேலி தாண்டுவது இன்று நேற்று வந்த பழக்கமன்று. பட்டினப்பாலையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் காட்டும் காட்சி பலரும் அறிந்தது. காவிரிப்பூம்பட்டினத்து மகளிர் முற்றத்தில் உலர்த்திய தானியத்தைக் கவர வந்த கோழியை விரட்டத் தம் காதிலிருந்த கனத்த பொற்குழையைக் கழற்றி எறிகின்றனர். அது கிடந்து சிறுவர் உருட்டும் சிறு தேரைத் தடுக்கிறது. அந்நகரின் செல்வத்தைக் காட்டுவதற்குப் பாடப்பட்ட பாட்டு அது. அக்கோழி எந்த வீட்டது என்று புலவர் சொல்லவில்லை. பொற்குழையை எறிந்து கோழி விரட்டும் வீட்டில் ஒரு பிடி நெல் போனால் என்ன? அங்கே கோழி ஒரு சித்திரம். அதே கரையில், இரண்டு பாத்திக் கீரையென்றால் நாற்பது கட்டு, கட்டொன்று பத்து ரூபாய் என்று விரல்விட்டு எண்ணும் வீட்டிலே அது வேறு.

இவ்விடத்தில் என் எதிர்வாதத்தையும் சொல்லிவிட வேண்டும். இத்தனை நுணுக்கம் பார்த்தால் கிராமத்தில் யார் கோழி வளர்ப்பது? கோழியைப் பகலெல்லாம் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைப்பதும் தீமையே. பூனையொன்றை அடைத்து வைத்து, தானும் உணவிடாமல், பூமியில் உள்ள பூச்சிகளை அது தேடி உண்ணவும் விடாமல் சாகடித்த பெண்ணுக்கு நேர்ந்த கதியை நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்ததை நாம் அறிவோம். திரிந்து பொறுக்குவதே கோழியின் வாழ்வு. அடைத்தால் தீனியிடும் கடமை முழுவதும் நம்முடையது. அன்றியும், அண்டை வீட்டாரிடையே ஒருவர் கொல்லையில் ஒருவர் கோழி மேய்வதும், அவர் முருங்கைக் கிளை நம் பக்கம் சாய்ந்தால் நாம் ஒடித்துக் கொள்வதும் தலைமுறைகளாக உள்ள பொறுத்துப் போதல்தான். அது கெட்டுவிட்டால் மிஞ்சுவது மதில் மட்டுமே. மதிலெழுப்பிய தெருக்களையும் பார்த்து வருகிறோம். அங்கே கோழிச் சண்டை இல்லை, உப்புக் கடன் கேட்பாரும் இல்லை.

இவ்வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் அதில் ஒரு புரட்டும் உண்டு. அதைக் கண்டுகொள்ள எனக்கு அன்று அஸர் நேரம் வரை ஆயிற்று. பொறுத்துப் போதல் என்பது இழந்தவர் கையில் உள்ள பொருள். அவர் கொடுத்தால் நாம் பெறலாம். இழப்பித்தவனே அதை எடுத்துத் தனக்குத்தானே கொடுத்துக் கொள்வது எவ்வாறு பொருத்தமாகும்? பெரியம்மா, ‘போனால் போகிறது தம்பி’ என்று சொல்லியிருப்பார். சொல்லியிருப்பார் என்பதை நான் நிச்சயமாக அறிவேன். அந்த நிச்சயத்தை வைத்துக்கொண்டே அவரைச் சொல்ல விடாமல் செய்துவிட்டேன். மயிலுக்குச் சொந்தக்காரர் யாருமில்லை. மயிலைப் பொறுத்தருளவும் முடியாது, கடிந்து கொள்ளவும் முடியாது. என் மௌனம் அவரிடமிருந்து பறித்தது நாற்பது கட்டுக் கீரையை அன்று. அதைக் கோழி முன்பே முடித்திருந்தது. மன்னிப்பதா, முறையிடுவதா என்னும் அவருடைய அதிகாரத்தை நான் பறித்தேன். இதற்குப் பகற்சட்டம் விடுதலை அளிப்பதாக எந்தக் கிதாபிலும் நான் படித்ததில்லை.

குஷைரியின் ரிஸாலாவில் பிஷ்ருல் ஹாஃபி (ரஹ்) அவர்களின் சகோதரியார் இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்களிடம் வந்து, ஆட்சியாளரின் தீவட்டி தெருவில் போகையில் எங்கள் கூரைமீது விழும் வெளிச்சத்தில் நாங்கள் நூல் நூற்கலாமா என்று கேட்ட செய்தி உண்டு. மாணவர்களுக்கு அதை நான் எத்தனையோ முறை உருக்கமாக நடத்தியிருக்கிறேன். பிறர் வெளிச்சம் நம் கூரையில் விழுவதைப் பற்றிய பாடம் எளிது. நம் கோழி பிறர் பாத்தியில் இறங்கும்போதுதான் பாடம் கடினமாகிறது.

அன்று மாலை எனக்கு வழி காட்டியது திருமறையின் அல்அன்பியா அத்தியாயம். இரவில் ஒரு கூட்டத்தாரின் ஆடுகள் பிறர் விளைநிலத்தில் புகுந்து மேய்ந்த வழக்கு அங்கே குறிக்கப்படுகிறது. தாவூத் (அலை) அவர்கள் அவ்வாடுகளையே நிலத்துக்காரருக்கு ஈடாகக் கொடுக்கத் தீர்ப்பளித்தார்கள் என்றும், இளைஞராயிருந்த சுலைமான் (அலை) அவர்கள் வேறு வழி கூறினார்கள் என்றும் விரிவுரையாளர்கள் எழுதுகின்றனர். நிலத்துக்காரர் ஆடுகளை வைத்துக்கொண்டு பாலும் ரோமமும் குட்டியும் அனுபவிக்கட்டும். ஆட்டுக்காரர் அந்த நிலத்தில் பாடுபட்டு அதைப் பழைய நிலைக்குக் கொண்டு வரட்டும். பயிர் முன்போல் ஆனதும் அவரவர் பொருள் அவரவரிடம் திரும்பட்டும். இரண்டு தீர்ப்பும் நீதியே. தந்தைக்கும் மகனுக்கும் ஞானமும் கல்வியும் அளித்ததாகவே மறை கூறுகிறது. ஆயினும் பின்னதன் சிறப்பு ஒன்றை எண்ணிப் பாருங்கள். முதல் தீர்ப்பில் விலை தீர்கிறது. ஆட்டுக்காரர் வெறுங்கையோடு போகிறார், கெட்ட நிலம் கெட்டே கிடக்கிறது. இரண்டாவதிலே கெடுத்தவனின் கையே கெட்டதைத் திருத்துகிறது. ஒரு பருவம் முழுதும் இருவரும் ஒருவர் பொருளை ஒருவர் பேணுகின்றனர்.

அஸர் தொழுதுவிட்டுப் பேரனையும் கூட்டிக்கொண்டு பெரியம்மா வீட்டு வாசலுக்குப் போனேன். வேலி வழியாகப் பேசவில்லை; குற்றத்தைச் சொல்ல வாசல் வழியாகவே போக வேண்டும் என்று தோன்றிற்று. “பெரியம்மா, மயிலில்லை, எங்கள் கோழி. காலையிலேயே எனக்குத் தெரியும், சொல்லாமல் இருந்துவிட்டேன்” என்றேன். கோழியைச் சொல்வது எளிதாயிருந்தது. பின்வாக்கியத்தைச் சொல்லும்போது முகம் வியர்த்தது.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “கோழி கிளறினது மனசுக்கு ஒண்ணுமில்ல தம்பி. நீங்க சும்மா நின்னீங்களே, அதுதான்...” என்று சொல்லி நிறுத்திக் கொண்டார். வாக்கியத்தை முடிக்கவில்லை. ஐம்பத்தேழு வயதில், என் மாணவர்கள் மரியாதையோடு எழுந்து நிற்கும் எனக்கு, அந்த முடியாத வாக்கியத்தைப் போல் ஒரு பாடம் வேறெவரும் நடத்தவில்லை.

மறுநாள் நானும் பேரனும் இரண்டு பாத்திகளையும் கொத்தி, மக்கிய எருவிட்டு, விதையை மணலில் கலந்து தூவினோம். கோழி எச்சத்தைப் பச்சையாகப் போட்டால் முளை கருகும் என்று பெரியம்மா நின்று கவனித்துச் சொன்னார். மீன்பிடித்துறையில் கழித்த பழைய வலையொன்றை வாங்கி வந்து வேலியோரமாக இழுத்துக் கட்டினோம். கீரை அறுப்புக்கு வரும் வரை எங்கள் பெட்டைகள் இடும் முட்டை யாவும் அவருக்கென்று சொன்னேன். அவர் முட்டை உண்பதில்லை. தேநீர்க் கடையில் கொடுத்துக் காசாக்கிக் கொண்டார். முட்டையை நாள்தோறும் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை பேரனுடையது. அவன் கேள்விக்கு நான் வாயால் விடை சொல்லவேயில்லை. அவனும் திரும்பக் கேட்கவில்லை.

சிறுகீரைக்கு இருபத்தைந்து நாள். அதற்குள் இன்னொரு பெட்டை அடை கிடந்து, இருபத்தொரு நாளில் குஞ்சு பொரித்து இறங்கியும்விட்டது. கீரையை அறுத்துக் கட்டிய அன்று பகலில், கொல்லையில் ஏதோ அரவம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். பெரியம்மா வலையின் ஒரு முனையை அவிழ்த்துக் கொண்டிருந்தார். “பாத்தி வெறுமனேதான் கிடக்கு தம்பி; மறுவிதைப்புக்கு எட்டு நாள் இருக்கு. புழு பூச்சியைப் பொறுக்கிட்டுப் போகட்டும், அந்தக் குஞ்சுத்தாயை இந்தப் பக்கம் விடுங்க” என்றார்.