கன்னத்து மை

குளிப்பாட்டி, பவுடர் பூசி, கன்னத்தில் மையை ஒரு பொட்டாக அப்பிய பிறகுதான் நம் வீடுகளில் கைக்குழந்தை கூடத்துக்கு வரும். கண் பட்டுவிடக் கூடாதென்று அழகில் வேண்டுமென்றே வைக்கிற குறை அது. படம் எடுத்தாகிவிட்டால் கதை மாறுகிறது. கொசுக்கடித் தடிப்பு, மூக்கடியில் காய்ந்த சளி, பின்னால் கொடியில் தொங்கும் துணி எல்லாம் போகின்றன. சில வீடுகளில் அந்த மையும் போகிறது. பாட்டி வைத்த குறையை அப்பாவோ அம்மாவோ போனில் ஒரே தட்டில் துடைத்துவிடுகிறார்கள்.

இது பொய்யா?

2024 மார்ச் 10, பிரிட்டனில் அன்னையர் ஞாயிறு. வேல்ஸ் இளவரசி கேத்தரின் தம் மூன்று பிள்ளைகளோடு சிரிக்கும் படம் வெளியானது. எடுத்தவர் கணவர் வில்லியம். மகள் சார்லட்டின் சட்டைக் கையோரம் ஓரிடத்தில் ஒட்டாமல் நின்றது. படம் திருத்தப்பட்டிருக்கிறது என்று ஏபி, ராய்ட்டர்ஸ் உள்ளிட்ட செய்தி நிறுவனங்கள் அன்றிரவே அதைத் திரும்பப் பெற்றன. பொழுதுபோக்காகப் படம் எடுக்கும் பலரையும்போலத் தாமும் எடிட் செய்து பார்ப்பதுண்டு என்று மறுநாள் இளவரசி மன்னிப்புக் கேட்டார். கேலி செய்தவர்களில் எத்தனை பேர் தங்கள் கேலரியைத் திறந்து காட்டியிருப்பார்களோ!

புனித அகஸ்டினிடம் போனால் தப்பிக்க முடியாது. 395 வாக்கில் பொய்யைப் பற்றியே தனி நூல் எழுதியவர் அவர். நல்லதற்காகச் சொன்னாலும் பொய் பாவம்தான் என்பது அவர் தீர்ப்பு. ஆனால் வேடிக்கைப் பேச்சை மட்டும் அவர் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. சொல்கிற தொனியிலேயே அது விளையாட்டு என்று தெரிந்துவிடுகிறதே! அப்படிப் பார்த்தால் பிள்ளையின் தலையில் முயல்காது வைக்கும் ஃபில்டருக்குக் குற்றமில்லை. யாருக்கும் தெரியாமல் தடிப்பைத் துடைப்பதுதான் மாட்டிக்கொள்கிறது.

வள்ளுவர் இளகியவர். யாருக்கும் தீங்கில்லாத சொல்லே வாய்மை என்பது அவர் வைத்த இலக்கணம். குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யையும் வாய்மைப் பக்கத்தில் உட்காரவைக்கிறார். சளியைத் துடைத்த படத்தால் யாருக்கு என்ன தீங்கு? பார்த்து லைக் போடுகிற சித்தப்பாவுக்கு ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் படத்தை முப்பது வருடம் கழித்துப் பார்க்கப்போகிற ஒருவர் இருக்கிறார். அவரிடம் இன்று யாரும் கேட்பதில்லை.

பிரெஞ்சுச் சிந்தனையாளர் ரோலான் பார்த்தின் தாய் 1977இல் இறந்தார். பழைய படங்களைப் புரட்டிப் புரட்டி அவரைத் தேடினார் மகன். எதிலும் அம்மா அகப்படவில்லை. கடைசியில் கிடைத்தது 1898இல் எடுத்த ஒரு படத்தில்; அதில் அம்மாவுக்கு ஐந்து வயது. கண்ணாடிக் கூரைத் தோட்டத்தில் அண்ணனோடு நிற்கிறாள், ஒரு கை விரலை மறு கையால் பிடித்தபடி, சின்னப் பிள்ளைகள் கூச்சத்தில் நிற்பார்களே, அப்படி. ‘கேமரா லூசிடா’ நூலில் பக்கம் பக்கமாக அந்தப் படத்தைப் பற்றி எழுதியவர், படத்தை மட்டும் அச்சிடவில்லை. மற்றவர்களுக்கு அது ஆயிரத்தில் ஒரு படம்.

அந்தக் கோணல் விரல்கள் இன்றைய போனுக்குப் பிழை. 2023இல் கூகுள் பிக்சல் 8இல் வந்த வசதி, அடுத்தடுத்து எடுத்த படங்களிலிருந்து ஆளுக்கொரு நல்ல முகத்தைப் பொறுக்கி ஒரே படத்தில் பொருத்தித் தருகிறது. அழுதவன், கண்ணை மூடியவள், எங்கோ பார்த்த அப்பா எல்லோரும் சேர்ந்து சிரிக்கிறார்கள். மூவரும் சேர்ந்து அப்படிச் சிரித்த நொடி ஒன்று நடக்கவே இல்லை.

பெரியவர்கள் துடைக்கிற பலதும் பிள்ளைகளுக்குக் குறையாகவே படுவதில்லை. சைக்கிளிலிருந்து விழுந்து முட்டியில் போட்ட பிளாஸ்திரியைத் தெருவுக்கே காட்டித் திரிந்தவன், படத்தில் அதைக் காணாமல் போனைப் பெரிதாக்கிப் பெரிதாக்கித் தேடுவான்.