பாதிப் பொறுப்பு

டெர்பி நகரில் வீட்டைப் பழுதுபார்த்தவர் தெருவில் கழியைக் குறுக்கே போட்டிருந்தார். அந்தியில் குதிரையை விரட்டி வந்தவர் மோதி விழுந்தார். கவனமாக வந்திருந்தால் தெரிந்திருக்கும் என்று 1809இல் இங்கிலாந்து நீதிமன்றம் நஷ்டஈட்டை முழுக்க மறுத்தது. 1945 சட்டத்துக்குப்பின் நஷ்டத்தைப் பங்கிடுகிறார்கள்.

இன்று கழியின் இடத்தில் இடிபாடு கொட்டும் வாடகை இரும்புத்தொட்டி. குதிரையின் இடத்தில் கார். இரவில் தொட்டிக்கு விளக்கு வைப்பது உரிமையாளர் கடமை என்கிறது 1980 நெடுஞ்சாலைச் சட்டம். ஒரு மாதத்துக்குக் குறையாமல் வாடகைக்கு எடுத்தவரும் அதன் கணக்கில் உரிமையாளரே. விளக்கில்லாத தொட்டியில் கவனமில்லாத கார் மோதினால் நீதிபதி விகிதம் சொல்கிறார். பணத்துக்கு அது சரி. ஆனால் விளக்கு வைக்காததில் பாதி கிடையாது; பார்க்காததிலும் கிடையாது. இரண்டு அலட்சியமும் முழுசு. பாதி பணம் கட்டியவன் பாதி நிரபராதி என்பதை நான் ஒப்பவில்லை.