பங்காளிக் காய்ச்சல்

மைசூரு பெரிய கடியாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் டவுன் ஹால், ரங்காசார்லுவின் நினைவாகக் கட்டியது. தேவராஜா மார்க்கெட்டுக்குப் போகையில் அதைத் தாண்டித்தான் போவேன். 1881-இல் ஆட்சி ஆங்கிலேயரிடமிருந்து உடையார் மன்னர்களிடம் திரும்பியபோது திவானான அவர் மதராஸ் மாகாணத்துக்காரர். அடுத்து 1883 முதல் 1901 வரை திவானாக இருந்த சேஷாத்ரி ஐயரும் அங்கிருந்து வந்தவர்தான். பெரிய உத்தியோகங்களில் மதராஸ்காரர்களாகவே வந்து உட்கார, உள்ளூர்க்காரர்கள் கொதித்தார்கள். மைசூர் கட்சி, மதராஸ் கட்சி என்று அதிகார வட்டாரமே இரண்டுபட்டது.

அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. தமிழனான நான் அதைச் சொல்லத்தான் வேண்டும். எல்லாமே நியாயம்தானா?

பைபிளில், எண்ணாகமம் பதினாறாம் அதிகாரத்தில் கோராகு 250 தலைவர்களைத் திரட்டிக்கொண்டு மோசேயின் முன் வந்து நிற்கிறான். சபையார் எல்லாருமே பரிசுத்தர்கள், நீங்கள் மட்டும் என்ன உசத்தி என்பது அவன் வாதம். இன்றைக்கு எந்தச் சங்கக் கூட்டத்தில் பேசினாலும் கைதட்டல் விழும். மோசேயின் பதில்தான் சுருக்கென்று தைக்கிறது: கூடாரத்து ஊழியம் உனக்குப் போதாதா, ஆசாரியப் பட்டமும் வேண்டுமா? கோராகு அந்நியனும் இல்லை, மோசேயின் சித்தப்பா மகன். இதற்கு நம் ஊரில் பெயரே இருக்கிறது, பங்காளிக் காய்ச்சல். மைசூரிலும் கட்சி கட்டிய இரு தரப்பிலும் பெரும்பாலும் பிராமணர்களே. உண்மையிலேயே வாசலுக்கு வெளியே நின்ற பிராமணரல்லாதாரின் குறையைக் கேட்க 1918-இல் மில்லர் கமிட்டி வரவேண்டியிருந்தது.

எனக்கும் அந்தக் காய்ச்சல் வந்தது. டெல்லியிலிருந்து முகம் தெரியாத ஒருவரை எங்கள் பிரிவுக்குத் தலைவராகப் போட்டபோது நான் வாயைத் திறக்கவில்லை. அவர் மாற்றலாகிப் போனதும், பத்து வருஷம் என்னோடு ஒரே மேஜையில் டிபன் பாக்ஸ் திறந்த நண்பரைப் போட்டார்கள். எனக்கு இரண்டு வருஷம் ஜூனியர். அன்று ராத்திரியே மனு எழுத உட்கார்ந்துவிட்டேன். சீனியாரிட்டி, ஊழியர் மனக்குறை என்று சொற்கள் கொட்டின. நாலு பக்கம் முடிந்ததும், 'நாங்கள்' என்று இருந்த இடத்திலெல்லாம் 'நான்' என்று போட்டுப் படித்துப் பார்த்தேன். ஒரே ஒரு பாராதான் தேறியது: பதவி உயர்வு விதிகளை எவர் கண்ணிலும் காட்டுவதில்லை என்ற பாரா. அதை மட்டும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

மறுநாள் மதியம் நண்பர் வழக்கம்போலப் புளியோகரையை என் பக்கம் தள்ளினார். சாப்பிட்டேன். உப்பு கொஞ்சம் தூக்கல் என்றேன். அப்படியொன்றும் தூக்கலாக இல்லை.