இழை மாறிய பிறகும் அதே கம்பளமா?

2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் சென்னையை உரசிக்கொண்டு போனபோது பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், மேடவாக்கம் பக்கத்துத் தரைத்தள வீடுகளில் தண்ணீர் புகுந்தது. சில தெருக்களில் அது வடியப் பல நாள் பிடித்தது. வடிந்ததும் மெத்தையும் சோபாவும் தெருமுனைக்கு வந்தன. 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியபோதும் இப்படித்தான் நடந்தது. சதுப்பு நிலத்தின் ஓரத்தில் வீட்டு மனை போட்டு விற்றால் தண்ணீர் தன் பழைய முகவரிக்கு வந்து கதவைத் தட்டத்தான் செய்யும்.

அந்த ஈரக் குவியல்களில் தரை விரிப்புகளும் உண்டு. இந்தப் புழுக்கத்தில் கம்பளம் யாருக்குத் தேவை என்று கேட்கலாம். ஆனால் காஷ்மீர் சுற்றுலாவில் பேரம் பேசி வாங்கியது, வளைகுடாவில் வேலை பார்த்த அண்ணன் கொண்டுவந்தது, தொழுகைக்கான முசல்லா, கல்யாணச் சீரில் வந்து முப்பது வருடமாக எல்லா விருந்தாளிகளையும் தாங்கிய பவானி ஜமக்காளம் என்று ஏதோ ஒன்று பல வீடுகளில் பரண் மேலாவது இருக்கும். அது நனைந்து, சுருங்கி, ஒரு மூலை இற்றுப்போனால் வீட்டில் இரண்டு கட்சி உருவாகும். தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கலாம் என்பது ஒன்று. சரி செய்து வைத்துக்கொள்ளலாம் என்பது இன்னொன்று. முதல் கட்சியின் வலுவான வாதம் இதுதான்: அத்தனை இடத்தில் ஒட்டுப் போட்ட பிறகு அது பாட்டியின் ஜமக்காளமாகவா இருக்கும்?

வீட்டுச் சண்டையில் வந்து விழும் இந்தக் கேள்வி இந்தியத் தர்க்க நூல்களில் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக அலசப்பட்டது. அங்கேயும் எடுத்துக்காட்டு துணியும் நூலும்தான்.

கம்பளம் பழுது பார்ப்பவர் செய்யும் வேலைகளில் முக்கியமானவை இரண்டு. ஒன்று இழுத்துக் கட்டுவது. ஈரத்தில் நெடுக்கே ஓடும் பருத்திப் பாவு ஓரிடத்தில் அதிகமாகவும் ஓரிடத்தில் குறைவாகவும் சுருங்க, விரிப்பு நடுவில் புடைத்துக்கொள்ளும். கையால் முடிந்த கம்பளமானால் பின்பக்கத்தை ஈரமாக்கி, பலகையில் சதுரம் பார்த்து நான்கு ஓரமும் இழுத்து ஆணியடித்துக் காயவிடுவார்கள். அலுவலகங்களில் சுவருக்குச் சுவர் விரித்துப் போடும் கார்பெட்டை முழங்காலால் உதைத்துத் தள்ளும் ஒரு கருவியால் முன்னே நகர்த்தி, சுவரோர ஆணிப்பட்டையில் மாட்டுவார்கள். இரண்டாவது, இழை கோப்பது. இற்ற பகுதியை வெட்டி எடுத்து, நல்ல பகுதிக்குள் ஊசியை ஓட்டிப் புதுப் பாவு கட்டி, குறுக்கே ஊடை செலுத்தி, பழைய நிறத்துக்கு ஒத்த கம்பளி நூலால் ஒவ்வொரு முடிச்சாகப் போட்டு, கடைசியில் கத்தரியால் மட்டம் பார்ப்பார்கள். கிழிசல் தெரியாமல் துணியை இழையோட்டிச் சரிசெய்யும் ரஃபுக்காரர்கள் இதில் இன்னும் நுட்பமானவர்கள். உள்மடிப்பிலிருந்து அந்தத் துணியின் சொந்த நூலையே உருவி, ஓட்டையை அதனாலேயே அடைப்பார்கள்.

முதல் வேலையில் ஓர் இழை கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. இரண்டாவதில் இழையே மாறிவிடுகிறது. ஆகவே இவை இரண்டு வேறு வழக்குகள்.

இழுத்துக் கட்டும் வழக்கு வேதாந்திகளுக்குப் பிடித்தமானது. பிரம்ம சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயத்தில், காரணமும் காரியமும் வேறல்ல என்று நிறுவும் இடத்தில், இரண்டே சொல்லில் துணியை உவமை காட்டும் ஒரு சூத்திரம் வருகிறது. சங்கரர் அதற்குச் சுருட்டிய துணியை எடுத்துக்கொள்கிறார். சுருட்டி வைத்திருக்கும்போது அது துணிதானா என்பதே தெளிவாகத் தெரியாது. துணி என்று தெரிந்தாலும் நீள அகலம் தெரியாது. விரித்ததும் தெரிந்துவிடும். அதற்காக விரித்தது வேறு துணி என்று யாரும் சொல்வதில்லை. உலகமும் அதன் மூலத்தில் இப்படிச் சுருண்டிருந்து விரிந்தது என்பது அவர் முடிவு.

அதே சூத்திரத்துக்கு இராமானுசர் சொல்லும் உரை தறிக்குப் பக்கத்தில் நிற்கிறது. நூல்கள் குறுக்கும் நெடுக்குமாக ஒரு சேர்க்கையில் அமைந்ததும் துணி என்ற புதுப் பெயரும் புது உருவமும் புதுப் பயனும் பெறுகின்றன. நூல் அப்படியே இருக்கிறது, அதன் நிலை மாறியிருக்கிறது. அவர் சொன்ன மூன்றில் பயனையும் சேர்த்தது பழுது பார்ப்பவருக்குப் பெரிய ஆறுதல். புடைத்துக் கிடக்கும் விரிப்பில் நூல் குறையவில்லை, பெயரும் போகவில்லை. காலை வைத்தால் தடுக்குகிறது, அவ்வளவுதான். இழுத்துக் கட்டியதும் அந்தப் பயன் திரும்புகிறது.

சைவ சித்தாந்திகளும் துணியை விடவில்லை. தூய உலகங்களின் மூலப்பொருளான சுத்த மாயை தன் இயல்பு கெடாமல் விரிந்து நிற்பதற்கு அவர்கள் காட்டும் உவமை, துணி கூடாரமாவது. பால் தயிரானால் திரும்பாது. கூடாரத்தைப் பிரித்தால் துணி கிடைத்துவிடும்.

இதுவரை சிக்கல் இல்லை. இழை கோக்கும் வழக்கில்தான் நியாய, வைசேடிகத் தத்துவப் பள்ளியினர் எழுந்து நிற்கிறார்கள். அவர்களுக்குத் துணி என்பது நூல்களின் கூட்டம் அல்ல. நூல்களிலிருந்து புதிதாகப் பிறந்து, அத்தனை நூலிலும் உறையும் தனிப் பொருள். நூல்கள் கொண்ட சேர்க்கை அதன் பிறப்புக்கு ஒரு காரணம். சேர்க்கை குலைந்தால் காரியம் அழிய வேண்டும். எனவே ஓர் இழையை உருவினால் பழைய துணி அந்தக் கணமே அழிந்துவிட்டது. மீதி இழைகள் சேர்ந்து கொஞ்சம் சிறிய, வேறொரு துணியைப் பிறப்பிக்கின்றன. அதற்குத் துண்டுத் துணி என்றே பெயரும் வைத்தார்கள். சிரிப்பு வருவது இயல்பு. ஆனால் காரணம் அழிந்த பின்னும் காரியம் நிற்கும் என்று ஒப்புக்கொண்டால் அவர்களுடைய காரண காரியக் கொள்கை மொத்தமும் ஆட்டம் காணும். அதற்கு இந்த விநோதமே மேல் என்று துணிந்தார்கள். அந்த நேர்மையை மதிக்கத்தான் வேண்டும்.

அந்தத் தனிப் பொருள் எங்கே இருக்கிறது, காட்டுங்கள் என்று பௌத்தர்கள் மடக்கினார்கள். ஏழாம் நூற்றாண்டுத் தர்மகீர்த்தியின் கேள்விகள் கூர்மையானவை. முழுமை என்று ஒன்று இருந்தால், ஒரு பகுதி அசைகையில் முழுவதும் அசைகிறதா? ஒரு பகுதிக்குச் சாயம் ஏறினால் முழுவதுக்கும் ஏறியதா? மூலை மட்டும் சுருண்ட கம்பளத்தை முன்னால் வைத்துக்கொண்டு யோசித்தால் கேள்வியின் கூர்மை புரியும். பௌத்தர் கணக்கில் இழைகள் உண்டு, கம்பளம் என்பது நாம் வழங்கும் பெயர். பாட்டியின் ஜமக்காளத்தை வைத்துக்கொண்டு சண்டை போடும் வீட்டில் இந்தத் தீர்ப்பை யாரும் ஏற்கமாட்டார்கள்.

ஏட்டில் நடந்த இந்த வாதம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் நிஜமாகவே ஒரு கம்பளத்தில் நடந்தது. ஈரானின் அர்தபீல் நகரில் சூஃபி ஞானி ஷேக் சஃபியுத்தீன் அடக்கத்தலத்தில் இரட்டைக் கம்பளங்கள் இருந்தன. நெய்த ஆண்டு ஹிஜ்ரி 946, அதாவது 1539-40, என்று கம்பளத்திலேயே முடிந்திருக்கிறது. பத்தரை மீட்டர் நீளம், ஐந்து மீட்டருக்கு மேல் அகலம். இரண்டும் தேய்ந்துபோன நிலையில் விலைக்கு வந்தன. வாங்கியவர்கள் ஒரு முடிவு எடுத்தார்கள். ஒன்றை வெட்டி மற்றொன்றின் பொத்தல்களை அடைத்தார்கள். முழுமையாக்கப்பட்டதை 1893இல், கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மாரிஸ் பரிந்துரைக்க, லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் 2,000 பவுண்டுக்கு வாங்கியது. இன்று அது கண்ணாடிக் கூண்டுக்குள் தரையில் விரிந்து கிடக்கிறது. நிறம் மங்காமல் இருக்க அரை மணிக்கு ஒரு முறை பத்து நிமிடம் மட்டும் விளக்கு எரியும். அதன் இரட்டை கரையில்லாமல் சிறுத்து, கைமாறிக் கைமாறி, எண்ணெய்ச் செல்வர் பால் கெட்டியின் கொடையாக 1953இல் லாஸ் ஏஞ்சலஸ் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

லண்டனில் இருப்பது அர்தபீல் கம்பளமா? இராமானுசர் வழியில் ஆம் என்று சொல்லிவிடலாம். அமைப்பு இருக்கிறது, பெயர் இருக்கிறது. பயன்தான் இடிக்கிறது. தொழுகைக்கும் தியானத்துக்கும் விரித்தது இப்போது பார்வைக்கு மட்டும். நியாயக்காரர் இரண்டு பழைய கம்பளங்கள் அழிந்து இரண்டு புதியவை பிறந்தன என்பார். இந்த ஒரு வழக்கில் அவர் சொல்வதுதான் சரியென்று படுகிறது. ஒன்றின் பழுதை மறைக்க இன்னொன்றைப் பழுதாக்கியதைப் பராமரிப்பு என்று சொல்ல வாய் வரவில்லை.

சரி, புதிதே வாங்கிக்கொண்டால் என்ன? இதற்குப் பெரியபுராணத்தில் கடுமையான பதில் இருக்கிறது. பழையாறை வணிகர் அமர்நீதியார் திருநல்லூரில் மடம் அமைத்து அடியார்களுக்குக் கோவணம் கொடுத்து வந்தவர். ஒருநாள் வந்த பிரமசாரி தன் கோவணத்தைக் காக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போக, அது காணாமல் போனது. புதியது தருகிறேன் என்றார் அமர்நீதியார். அதற்கு இணையாகத் தன்னிடம் மீதமிருக்கும் கோவணத்துக்கு ஒத்த எடை தந்தால் போதும் என்றார் வந்தவர். தராசில் கட்டுக்கட்டாகப் புதுத் துணி ஏறியும் தட்டு அசையவில்லை. பொன் ஏறியது, மனைவியும் மகனும் ஏறினார்கள், கடைசியில் அவரே ஏறினார். நாயன்மார்களில் நெசவுத் தொழில் செய்த நேசரும், கந்தை வெளுத்த திருக்குறிப்புத் தொண்டரும் உண்டு. துணி விஷயத்தில் அந்த நூல் ஏனோதானோ என்று இருப்பதில்லை.

கோயிலோ பழுது பார்ப்பதையே சடங்காக்கி வைத்திருக்கிறது. திருப்பணி தொடங்கும் முன் பாலாலயம் செய்வார்கள். மூலவரின் சான்னித்தியத்தைக் கும்பநீர் வழியாக இன்னோர் உருவுக்கு மாற்றி அங்கே பூசை நடக்கும். கருவறையில் பீடத்தோடு திருமேனியைப் பிணைக்கும் அட்டபந்தன மருந்து கொம்பரக்கு, குங்கிலியம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் என எட்டுப் பொருள் இடித்துச் செய்தது. அது இளகும். அதனால்தான் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிப்பதும் குடமுழுக்கும். கல்லும் சாந்தும் மாறும்போது தெய்வம் எங்கே போகும் என்ற கேள்விக்கு ஆகமம் முன்கூட்டியே இடம் ஒதுக்கி வைத்திருக்கிறது. ஆனால் வீட்டு ஜமக்காளத்துக்கு யாரும் பாலாலயம் செய்வதில்லை.

அதற்கு உதவுவது பௌத்தத் துறவிகளுக்கான விநய நூலில் உள்ள ஒரு நிகழ்ச்சி. கோசாம்பி மன்னன் உதயணனின் அரசியர், புத்தரின் சீடர் ஆனந்தருக்கு ஐந்நூறு மேலாடைகளைக் கொடுத்தார்கள். பெருங்கதையின் நாயகனான அதே உதயணன்தான். இத்தனை துணி எதற்கு, துறவி கடை வைக்கப் போகிறாரா என்று கேட்டபடி அவன் வந்தான். கிழிந்த ஆடை உடுத்தும் துறவிகளுக்குப் பகிர்ந்து கொடுப்போம் என்றார் ஆனந்தர். அவர்களுடைய பழைய ஆடைகள்? படுக்கை விரிப்பாகும். பழைய படுக்கை விரிப்பு? மெத்தை உறையாகும். பழைய மெத்தை உறை தரை விரிப்பாகும், பழைய தரை விரிப்பு கால் துடைக்கும் துணியாகும், அதன் பின் தூசு தட்டும் துணி. அதுவும் இற்றால் கிழித்துச் சேற்றில் பிசைந்து தரை பூசுவோம் என்றார். உதயணன் மகிழ்ந்து இன்னும் ஐந்நூறு கொடுத்தான்.

ஆனந்தர் ஓர் இடத்திலும் இது அதே துணியா என்று கேட்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இன்னும் என்ன வேலைக்கு ஆகும் என்பது மட்டுமே அவர் கேள்வி. நபிகள் நாயகம் தம் செருப்பைத் தாமே தைத்தார், ஆடைக்குத் தாமே ஒட்டுப் போட்டார் என்று ஆயிஷா நாயகி சொன்னதாக வரும் ஹதீஸும் இதே தளத்தில் நிற்கிறது. ‘அதே கம்பளமா’ என்பது பெரும்பாலும் உடைமைக்காரரின் பெருமை சார்ந்த கேள்வி. பழுது பார்ப்பவர் வேறு ஒன்றைப் பார்க்கிறார். புது இழையைப் பிடித்துக்கொள்ளும் அளவுக்குப் பழைய இழையில் உரம் இருக்கிறதா என்று விரலால் இழுத்துப் பார்க்கிறார். இருந்தால் வேலையைத் தொடங்குவார். இல்லையென்றால் எத்தனை தத்துவம் பேசினாலும் ஊசி போட இடம் இருக்காது.

எல்லா விரிப்பும் இந்தச் சோதனைக்கே வராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சாக்கடை கலந்த வெள்ளத்தில் ஊறிய, சுவருக்குச் சுவர் போட்ட கார்பெட்டை வைத்துக்கொள்வது நோயை வைத்துக்கொள்வது. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பல கம்பளங்களில் பாவும் ஊடையும் முடிச்சும் கிடையாது. ஒரு துணியில் நூலைக் குத்தி இறக்கி, பின்னால் ரப்பர்ப் பாலால் ஒட்டியிருப்பார்கள். அந்தப் பசை பொடியாக உதிரத் தொடங்கினால் இழுக்கவும் முடியாது, கோக்கவும் முடியாது. அடுத்த முறை வாங்கும்போது கம்பளத்தைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கத்துக் கோலம் பின்பக்கமும் முடிச்சு முடிச்சாகத் தெரிந்தால் அதைப் பழுது பார்க்க முடியும். பின்பக்கத்தை ஒரு துணி ஒட்டி மறைத்திருந்தால் பெரும்பாலும் முடியாது.