சூரியன் மேல் வழக்குப் போட முடியாது

1967 மே 23. அலாஸ்கா, கிரீன்லாந்து, இங்கிலாந்து என மூன்று இடங்களில் இருந்த அமெரிக்காவின் ஏவுகணை எச்சரிக்கை ராடார்கள் ஒரே நேரத்தில் தடுமாறின. பனிப்போர் காலம். ராடாரை வேண்டுமென்றே முடக்குவது போருக்குச் சமம். 'யாரு பண்ணது?' என்ற கேள்விக்குப் பதில் தயாராகவே இருந்தது: சோவியத். விமானங்களும் தயாராகின. அதற்குள் விமானப்படையின் வானிலைக்காரர்கள் சொன்னார்கள்: சூரியனில் பெரும் வெடிப்பு, அதன் ரேடியோ இரைச்சல்தான் உள்ளே புகுந்திருக்கிறது. விமானங்கள் கிளம்பவில்லை.

இந்தக் கதை 2016-ல்தான் விரிவாக வெளியே வந்தது. படித்தபோது எனக்குப் பயத்தைவிடப் பரிச்சயம்தான் அதிகம் இருந்தது. சர்வர் விழுந்தால் எங்கள் ஆட்கள் முதலில் கேட்பது 'ஏன்' இல்லை, 'கடைசியா யார் கை வெச்சது?' தீங்கு என்றால் அதைச் செய்தவன் ஒருவன் இருந்தே ஆகவேண்டும் என்று மனசு அடம்பிடிக்கிறது. காரணம் தெரிவதற்குள் எதிரி கிடைத்துவிடுகிறான்.

சரி, சூரியனுக்கு நோக்கம் கிடையாது. அப்போ யாருக்கும் பொறுப்பில்லையா? இங்கேதான் கியூபெக் என்னை இடறுகிறது. 1989 மார்ச் 13 அதிகாலை, சூரியப் புயல் பூமியின் காந்தப்புலத்தை உலுக்க, அந்த மாகாணத்தின் மின்கட்டமைப்பு சுமார் 90 விநாடிகளில் சரிந்தது. 60 லட்சம் பேருக்கு ஒன்பது மணி நேரம் மின்சாரம் இல்லை. அங்கே அடியில் இருப்பது மின்சாரத்தை எளிதில் கடத்தாத பழம்பாறை. தூண்டப்பட்ட மின்னோட்டம் நீளமான மின்தடங்களில் ஏறிக்கொண்டது. பாறைக்கும் நோக்கம் இல்லைதான். ஆனால் கம்பி இழுத்தது மனிதன். 1859-லேயே தந்திக் கம்பிகள் தீப்பொறி கக்கியதை உலகம் பார்த்திருந்தது. அதற்காக 1989-ன் பொறியாளர்களைக் குற்றவாளி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதற்குப் பிறகு மின்தடங்களில் தொடர் மின்தேக்கிகள் வைத்தார்கள், பாதுகாப்பு அமைப்புகளைத் திருத்தினார்கள். அதே மாதிரி நாளைக்கு ஒரு கட்டமைப்பு விழுந்து, 'இயற்கைங்க, என்ன செய்ய' என்று ஒருவர் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். 1989-க்கு முன் விதி என்று விட்டிருக்கக்கூடிய ஒன்று, அதற்குப் பின் அலட்சியம்.

இப்போது 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி, எல்1 புள்ளியில் ஏஸ், ஆதித்யா-எல்1 போன்ற விண்கலங்கள் சூரியக் காற்றை அளக்கின்றன. அங்கிருந்து கிடைக்கும் அவகாசம் 15 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை. அதற்குள் கட்டுப்பாட்டு அறையில் ஒருவர் சுமையைக் குறைக்க வேண்டும், பணம் நஷ்டமாகும். அவர் சரியாகவே செய்து ஒன்றுமே நடக்காமல் போனால், மறுநாள் மேலதிகாரி கேட்கப்போவது என்னவென்று எனக்குத் தெரியும்: 'ஒண்ணும் ஆகலையே, எதுக்கு இறக்கினீங்க?'