ரேக்ளா காளையின் பந்தய வாழ்வு

வெள்ளகோவில், காங்கயம் வட்டாரத்தில் பந்தயம் என்றால் குதிரைக்கு முன்பே பேச்சில் வருவது ரேக்ளா என்னும் பந்தய மாட்டு வண்டியும் காங்கயம் காளையும்தான். இந்த இனத்துக் கன்று செந்நிறத்தில் பிறக்கும். ஆறு மாத அளவில் சாம்பல் நிறத்துக்கு மாறும். பொலிகாளையாக வளரும்போது திமிலும் முன், பின் பாகங்களும் கருத்துவிடும். கிளுவை வேலி போட்ட கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலத்தில் கொழுக்கட்டைப் புல் மேய்ந்து திரிந்தே கால் உரம் ஏறுகிறது. விலை பேசுவதற்குப் பக்கத்திலேயே கண்ணபுரத்துச் சித்திரைச் சந்தை இருக்கிறது.

மதுரை, சிவகங்கைப் பக்கம் பல வண்டிகள் ஒரே சாலையில் மைல் கணக்கில் முந்தப் பார்க்கும். கொங்குப் பகுதியின் வழக்கம் வேறு. ஒவ்வொரு ஜோடியாக ஓடவிட்டு, 200 அல்லது 300 மீட்டரைக் கடந்த நேரத்தை நொடிக் கணக்கில் ஒப்பிடுவார்கள். எதிரி கண்ணில் படாத ஓட்டம் என்பதால் ஜோடிப் பொருத்தமே பாதி வெற்றி. ஒரு மாடு மிஞ்சினாலும் வண்டி கோணிவிடும். இந்தச் சிக்கல் ஜோடி பூட்டாமல் ஓடும் பந்தயக் குதிரைக்குக் கிடையாது.

2014இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் முடங்கிய காளைப் பந்தயங்கள், 2017 சட்டத் திருத்தத்துக்குப் பின் மீண்டும் களைகட்டின. அந்தத் திருத்தம் செல்லும் என்று 2023 மே 18 அன்று அரசியல் சாசன அமர்வு கூறியது.

உயர்சாதிப் பந்தயக் குதிரை இரண்டு வயதிலேயே களமிறங்கி, சில ஆண்டுகளில் இனப்பெருக்கப் பண்ணைக்குப் போய்விடும். பெயரெடுத்த காளைக்கும் அப்படியொரு இரண்டாம் வாழ்வு உண்டு. காயடிக்காமல் விடப்பட்டிருந்தால், அது ஊருக்குப் பூச்சிக்காளை, அதாவது பொலிகாளை, ஆகிறது.